சென்னை – கட்டுநாயக்க: 642, 645, 685… எது சரியான தூரம்? கடலூர், புதுவையிலிருந்து எந்த ஏர்போர்ட் கிட்ட?

#1 மஞ்சக்குப்பம்
சென்னை ஏர்போர்ட்டுக்கும் கொழும்பு ஏர்போர்ட்டுக்கும் (கட்டுநாயக்க) நடுவுல எவ்வளவு தூரம்னு தேடினா ஒரு தளம் 642 கிமீ சொல்லுது, இன்னொண்ணு 645. மூணாவது 685. வேற ஒண்ணு வெறுமனே 348னு போட்டிருக்கு. விமானம் போன தடத்தைக் காட்டுற செயலியில பார்த்தா எல்லாத்தையும் விடக் கூடுதலா வருது. ஆபீஸ் பயணப் படிவத்துல தூரம் எழுதணும், எதை எழுதுறது? இன்னொண்ணு: கடலூர்ல இருந்து கிளம்புறவங்களுக்குச் சென்னை நல்லதா, திருச்சி நல்லதா?

#2 திசைமானி
நீங்க பார்த்த நாலுமே தப்பில்லை. ஒவ்வொண்ணும் வேற வேற கேள்விக்குப் பதில்.

685 என்பது ஊருக்கும் ஊருக்கும் உள்ள தூரம். சென்னைன்னா கோட்டை, சென்ட்ரல் பக்கம் ஒரு புள்ளி. கொழும்புன்னா அங்க கோட்டைப் பகுதியில ஒரு புள்ளி. ஆனா விமானம் இறங்குறது கொழும்புல இல்லை, நகரத்துக்கு வடக்கே நீர்கொழும்பை ஒட்டியிருக்கிற கட்டுநாயக்கவில. சென்னையிலயும் ஏறுறது சென்ட்ரல்ல இல்லை, தெற்கே மீனம்பாக்கத்துல. வடக்கு முனை தெற்கே வந்துடுது, தெற்கு முனை வடக்கே வந்துடுது. ரெண்டும் சேர்ந்து 40 கிமீ குறையுது. கொழும்புக்குத் தெற்கே இரத்மலானையில பழைய ஏர்போர்ட் ஒண்ணு இருக்கு. சில தளங்கள் 'கொழும்பு'ன்னு அடிச்சா அதைப் பிடிச்சுக்கும். குறியீடு சிஎம்பி தானான்னு பார்த்துக்கோங்க. இரத்மலானைன்னா ஆர்எம்எல்னு வரும்.

348 என்பது கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிமீ. 348ஐ அதால பெருக்கினா 645 வரும். அதே தூரம் தரை மைல்ல 401. அதனால 401, 348, 645 மூணும் ஒரே தூரம்தான். அலகு போடாம எண்ணை மட்டும் போடுற தளத்தை நம்பாதீங்க.

642க்கும் 645க்கும் உள்ள வித்தியாசம்தான் எனக்குப் பிடிச்சது. 645 சொல்ற தளம் பூமியை முழு உருண்டையா வெச்சுக் கணக்குப் போடுது, ஆரம் 6,371 கிமீ. அப்போ ஒரு டிகிரி அட்சரேகைக்கு எல்லா இடத்துலயும் 111.2 கிமீ. 642 சொல்ற தளம் பூமி துருவத்துல கொஞ்சம் தட்டையா இருக்கிறதையும் சேர்த்துப் பார்க்குது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல வடக்கு தெற்கா ஒரு டிகிரி 110.6 கிமீதான். நம்ம தடம் கிட்டத்தட்ட நேர் தெற்கு, 5.8 டிகிரி. டிகிரிக்கு 0.6 கிமீ குறைஞ்சா மொத்தம் மூணு, மூணரை கிமீ குறையும். துல்லியம்னு கேட்டா 642தான்.

#3 தேங்காய்த்திட்டு
அண்ணன் சொன்னதைக் கால்குலேட்டர்லயே போட்டுப் பார்க்கலாம், தளமே வேண்டாம்.

மீனம்பாக்கம்: அட்சரேகை 12.98, தீர்க்கரேகை 80.16. கட்டுநாயக்க: 7.18, 79.88.

முதல்ல அட்சரேகையைக் கழிங்க: 5.80. இதை 60ஆல பெருக்குங்க, 348 கடல் மைல். ஒரு டிகிரி அட்சரேகைக்கு 60 கடல் மைல்ங்கிறதுதான் அந்த அலகு பிறந்த வழியே.

அடுத்து தீர்க்கரேகை வித்தியாசம் 0.28. இதை அப்படியே எடுக்கக் கூடாது. தீர்க்கரேகைக் கோடுகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கிட்டே போகும். அதனால ரெண்டு ஊருக்கும் நடு அட்சரேகை 10.08க்குக் கொசைன் எடுத்துப் பெருக்கணும். கொசைன் 0.985. பெருக்கினா 0.276, அதை 60ஆல பெருக்கினா 16.5 கடல் மைல்.

இப்போ பிதாகரஸ். 348இன் வர்க்கமும் 16.5இன் வர்க்கமும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தா 348.4. ஆயிரம் கிமீக்குள்ள இருக்கிற எந்தத் தடத்துக்கும், நம்ம ஊர் அட்சரேகையில, இந்தக் குறுக்கு வழி நல்லாவே ஒத்துப்போகும். டெல்லி, லண்டன்னு போனா முழு கோளச் சூத்திரம் வேணும்.

பாருங்க, கிழக்கு மேற்கா 16 கடல் மைல் விலகியும் மொத்தத்துல அரை மைல்கூடக் கூடலை. அவ்வளவு நேர் தெற்கு இந்தத் தடம்.

#4 மஞ்சக்குப்பம்
நானும் போட்டேன், 116 கிமீ வருது. இன்னொரு இடத்துல எடுத்த எண்ணைப் போட்டா 612.

#5 தேங்காய்த்திட்டு
116 வந்தா அட்சத்தையும் தீர்க்கத்தையும் இடம் மாத்திப் போட்டிருக்கீங்க. 80ஐ அட்சரேகைன்னு கொடுத்தா கணக்கு உங்களை வட துருவத்துக்குப் பக்கத்துல கொண்டுபோய் நிறுத்திடும். அங்க தீர்க்கரேகைக் கோடுகள் நெருக்கமா இருக்கிறதால 5.8 டிகிரியும் சுருங்கிடும். சில வரைபடச் செயலிகள் தீர்க்கத்தை முதல்ல எழுதும், அதுல நகல் எடுத்தா இதுதான் நடக்கும்.

612 வந்தது டிகிரி, நிமிடக் குழப்பம். மீனம்பாக்கம் 12 டிகிரி 59 நிமிடம். இதை 12.59னு அடிச்சிருப்பீங்க. நிமிடத்தை 60ஆல வகுக்கணும்: 59ஐ 60ஆல வகுத்தா 0.98, அதனால 12.98. கட்டுநாயக்க 7 டிகிரி 11 நிமிடம்னா 7.18, 7.11 இல்லை. இந்தத் தப்புதான் ஆபத்து. 116ஐப் பார்த்தா யாருக்கும் சந்தேகம் வரும், 612ஐப் பார்த்தா சரின்னு நம்பிடுவோம்.

இன்னொரு பொறி: கணினி விரிதாள்ல கொசைன் போட்டா அது கோணத்தை டிகிரியில எடுக்காது, ரேடியன்ல எடுக்கும். முதல்ல ரேடியனா மாத்திக் கொடுக்கணும். சென்னை – கட்டுநாயக்க தடத்துல இந்தக் கோளாறு வெளியில தெரியவே தெரியாது, கிழக்கு மேற்குப் பங்கு அவ்வளவு சின்னது. அதே தாளைத் திருச்சித் தடத்துக்கு நகலெடுத்தா மூணு நாலு கிமீ ஓடிப்போகும். ஒரு தடத்துல விடை சரியா வந்துடுச்சுன்னு சூத்திரம் சரின்னு முடிவு கட்டாதீங்க.

#6 லாஸ்பேட்டை ரன்வே
செயலியில கூடுதலா ஏன் காட்டுதுன்னு யாரும் தொடலை. அது விமானம் உண்மையில பறந்த நீளம். ரன்வே எந்தத் திசையில இருக்கோ அந்தத் திசையிலதான் ஏறவும் இறங்கவும் முடியும். காத்தை எதிர்த்து ஏறணும், காத்தை எதிர்த்து இறங்கணும்.

மீனம்பாக்கம் பெரிய ரன்வே 07/25, அதாவது ஒரு பக்கம் 70 டிகிரி, மறுபக்கம் 250 டிகிரித் திசை. ஏறக்குறைய கிழக்கு மேற்கு. வடகிழக்குப் பருவக்காத்து அடிக்கிறப்பவும், மதியத்துக்கு மேல கடல்காத்து உள்ளே வர்றப்பவும் 07ல கிழக்கு நோக்கிக் கிளம்பிக் கடல்மேல போய் வலப்பக்கம் திரும்பித் தெற்கே போகணும். மேற்கேயிருந்து காத்து அடிக்கிற நாள்ல 25ல மேற்கே ஏறி இடப்பக்கம் திரும்பணும். எப்படிப் போனாலும் தெற்கே போற விமானம் முதல்ல தெற்கே போகாது.

கட்டுநாயக்க ரன்வே 04/22. வடக்கேயிருந்து வர்ற விமானத்துக்கு 22 கிடைச்சா அதிர்ஷ்டம், வடகிழக்கிலிருந்து லேசாத் திரும்பி இறங்கிடலாம். 04ன்னா ஏர்போர்ட்டைத் தாண்டித் தெற்கே கடலோரமா போய், திரும்பி, வடகிழக்கு பார்த்து இறங்கணும். இதுலேயே 30, 40 கிமீ கூடிடும். தென்மேற்குப் பருவத்துல 22, வடகிழக்குப் பருவத்துல 04 என்பது காத்து சொல்ற கணக்கு. அதனால ஜூலையில பார்த்த தடமும் டிசம்பர்ல பார்த்த தடமும் ஒண்ணா இருக்காது. வரிசையில முன்னாடி ரெண்டு விமானம் இருந்து வட்டமடிக்க விட்டா இன்னும் கூடும்.

படிவத்துல இதை எழுதாதீங்க, நாளுக்கு நாள் மாறும்.

#7 நெல்லித்தோப்பு
தூரம் 645, ஜெட் வேகம் மணிக்கு 830. வகுத்தா 47 நிமிஷம். டிக்கெட்ல ஏன் ஒண்ணே கால், ஒண்ணரை மணி நேரம் போடுறாங்க?

#8 லாஸ்பேட்டை ரன்வே
830 என்பது மேலே போய் நிலையாப் பறக்கிறப்ப உள்ள வேகம். இந்தத் தடத்துல அந்த வேகத்துல பறக்கிற நேரம் ரொம்பக் கம்மி. இறங்குறதுக்கு விமானிகள் போடுற மனக்கணக்கு ஒண்ணு உண்டு: ஆயிரம் அடி இறங்க மூணு கடல் மைல். 35,000 அடியில இருந்தா 35ஐ மூணால பெருக்கி 105 கடல் மைலுக்கு முன்னாடியே இறங்க ஆரம்பிக்கணும். ஏறுறதுக்கும் ஏறக்குறைய அதே அளவு போயிடும். 348ல ரெண்டையும் கழிச்சா மிச்சம் 130, 140 கடல் மைல். பதினேழு பதினெட்டு நிமிஷம். பணிப்பெண்கள் அவ்வளவு அவசரமா வண்டி தள்ளிக்கிட்டு வர்றதுக்குக் காரணம் இதுதான்.

டிக்கெட்ல போடுறது நிறுத்துமிடத்துல இருந்து நகர்றதுல ஆரம்பிச்சு, அங்க நிறுத்துமிடத்துல நிக்கிற வரைக்கும். தரையில ஊர்ற நேரம் ரெண்டு பக்கமும் சேரும். வானத்துல ஒரு மணி நேரம்னு வெச்சுக்கலாம்.

நேரக் கழிப்புல ஒரு வசதி: இலங்கை நேரமும் நம்ம நேரமும் ஒண்ணு. 2006 ஏப்ரல்ல இருந்து அங்கயும் கிரீன்விச் நேரத்தை விட ஐந்தரை மணி கூடுதல்தான். டிக்கெட்ல இருக்கிற ரெண்டு நேரத்தையும் நேரடியாக் கழிச்சுக்கலாம். அதுக்கு முந்தின பழைய பக்கங்கள்ல அரை மணி வித்தியாசம் போட்டிருக்கும், அதை எடுத்துக்காதீங்க.

#9 நெல்லித்தோப்பு
போறப்ப ஒரு நேரம், வர்றப்ப ஒரு நேரம்னு காத்தால பெரிய வித்தியாசம் வருமா? வளைகுடா டிக்கெட்ல அப்படித்தானே இருக்கு.

#10 திசைமானி
வளைகுடாத் தடம் கிழக்கு மேற்கு, காத்து முதுகுல தள்ளும் இல்லேன்னா முகத்துல அடிக்கும். இது வடக்கு தெற்கு. நம்ம பக்கம் விமானம் பறக்கிற உயரத்துக் காத்தும் பெரும்பாலும் கிழக்கு மேற்காத்தான் ஓடும், அதனால விலாவுலதான் படும். 450 நாட் (மணிக்கு 450 கடல் மைல்) வேகத்துல போற விமானத்துக்கு 40 நாட் பக்கக்காத்து அடிச்சா, மூக்கைக் காத்துப் பக்கம் அஞ்சு டிகிரி திருப்பி வெச்சுக்கிட்டுப் போவாங்க. தரைவேகம் 448க்கு வரும். ரெண்டே நாட் நஷ்டம். போறதுக்கும் வர்றதுக்கும் பட்டியல்ல அஞ்சு பத்து நிமிஷம் வித்தியாசம் இருந்தா அது ரன்வே, தரை நெரிசல் கணக்கு.

#11 வில்லியனூர் டிராவல்ஸ்
இப்போ தரைக்கு வருவோம். நம்ம ஊர்க்காரங்களுக்கு வானத்துல போற கிலோமீட்டரை விட ரோட்டுல போறதுதான் பெருசு.

புதுவை ஏர்போர்ட் இருக்கிற லாஸ்பேட்டையில இருந்து கட்டுநாயக்க நேர்க்கோட்டுல 532 கிமீதான். ஆனா சென்னை போய் ஏறினா முதல்ல வடக்கே, அதாவது எதிர்த்திசையில, திண்டிவனம் வழியா சுமார் 145 கிமீ. அப்புறம் 645. போன வழியிலேயே கடல்மேல திரும்பி வர்றோம்.

லாஸ்பேட்டையில இருந்தே ஏன் விமானம் இல்லைன்னு நிறைய பேர் கேக்கிறாங்க. ரன்வே 1,500 மீட்டர் பக்கம், ஏடிஆர் மாதிரி விசிறி விமானத்துக்குத்தான் சரி. குடிவரவு, சுங்கம் அங்க கிடையாது. 2024 டிசம்பர் 20ல இருந்து பெங்களூர், ஹைதராபாத்துக்கு ஏடிஆர் போகுது. பெங்களூர் போய் அங்கிருந்து கொழும்பு பிடிக்கலாம்னு சிலர் யோசிப்பாங்க: 266ம் 710ம் சேர்த்து 976 கிமீ. கார்ல அலைய வேண்டாம்ங்கிறவங்களுக்கு சரி. ஆனா ரெண்டும் ஒரே டிக்கெட்டா இருக்கணும். தனித்தனியா வாங்கினா பெங்களூர்ல பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்கணும். முதல் விமானம் தாமதமாகி ரெண்டாவது போயிடுச்சுன்னா யாரும் பொறுப்பு ஏற்க மாட்டாங்க.

கடலூர்க்காரருக்கு: சென்னை ஏர்போர்ட் ரோட்டுல 165, 170 கிமீ. திருச்சி ஏர்போர்ட் பண்ருட்டி, உளுந்தூர்ப்பேட்டை, பெரம்பலூர் வழியா 175, 180. ஏறக்குறைய சமம். ஆனா திருச்சியிலிருந்து கட்டுநாயக்க 419 கிமீதான், சென்னையை விட 226 கிமீ குறைவு. ரோடும் தடையில்லாம ஓடும். சென்னை வழியில செங்கல்பட்டுல ஆரம்பிச்சு பரனூர் சுங்கச்சாவடி, பெருங்களத்தூர், தாம்பரம் வரைக்கும் என்ன ஆகும்னு சொல்லவே முடியாது. ஞாயிறு சாயந்திரமும் திங்கள் காலையும் அந்தக் கடைசி 40 கிமீக்கு மட்டும் ரெண்டு மணி நேரம் ஒதுக்குங்க. திருச்சியில குறை ஒண்ணுதான், விமானம் கம்மி. ஒண்ணு ரத்தானா அடுத்ததுக்கு ரொம்ப நேரம் காத்திருக்கணும். சென்னையில வேற நிறுவனம் இருக்கும்.

புதுவையில இருந்து திருச்சி 200 கிமீக்கு மேல ஆயிடும். அவங்களுக்குச் சென்னைதான்.

பஸ்ல போறவங்க கவனிங்க: திண்டிவனம் வழி பஸ் இப்போ கிளாம்பாக்கத்தோட நின்னுடும். அங்கிருந்து ஏர்போர்ட் இன்னும் 18 கிமீ. டவுன் பஸ்ல ஜிஎஸ்டி ரோட்டுலயே போகலாம். இல்லேன்னா வண்டலூர்ல மின்சார ரயில் ஏறித் திரிசூலத்துல இறங்கினா எதிர்லயே ஏர்போர்ட். பெரிய பெட்டி ரெண்டு இருந்தா ரயில் படிக்கட்டு சிரமம். வெளிநாட்டு விமானத்துக்கு மூணு மணி நேரம் முன்னாடி வரச் சொல்லுவாங்க, குறைஞ்சது ஒரு மணி நேரம் முன்னாடியே கவுன்டரை மூடிடுவாங்க. அந்த ஒரு மணியை வெச்சுக் கணக்குப் போடாதீங்க, மூணை வெச்சுப் போடுங்க.

#12 முதுநகர்
போற இடம் யாழ்ப்பாணம்னா கணக்கே மாறிடும், இல்லையா?

#13 வில்லியனூர் டிராவல்ஸ்
தலைகீழா மாறிடும். பலாலி ஏர்போர்ட் 2019 அக்டோபர் 17ல சர்வதேச விமான நிலையமாத் திறந்தாங்க. மீனம்பாக்கத்துல இருந்து 355 கிமீ. திருச்சியில இருந்து வெறும் 184. சென்னையில இருந்து இண்டிகோ 2024 செப்டம்பர் 1லயும், திருச்சியில இருந்து 2025 மார்ச் 30லயும் ஆரம்பிச்சாங்க. ரெண்டும் ஏடிஆர். அட்டவணை அடிக்கடி மாறுது, லீவு போடுறதுக்கு முன்னாடி டிக்கெட்டைப் பாருங்க.

கொழும்பு தூரத்துல பாதிதானே, நேரமும் பாதிதான்னு நினைக்காதீங்க. ஏடிஆர் மணிக்கு 500 கிமீ. சென்னை – பலாலியும் ஒண்ணே கால் மணி நேரம்தான் போடுறாங்க. ஏடிஆர்ல தலைக்கு மேல இருக்கிற பெட்டி வைக்கிற இடமும் சின்னது. ஜெட்ல உள்ள எடுத்துட்டுப் போற உருளைப் பெட்டியை இதுல வாசல்ல வாங்கிக் கீழ வெச்சுடுவாங்க. மருந்து, பாஸ்போர்ட், கேமராவை முன்கூட்டியே கைப்பைக்கு மாத்திக்கோங்க.

#14 திசைமானி
யாழ்ப்பாணம் பேச்சு வந்ததால ஒண்ணு காட்டுறேன். சென்னை – கட்டுநாயக்க நேர்க்கோட்டை வரைபடத்துல இழுத்துப் பாருங்க. புதுவைக்கு நேரா வர்றப்ப கரையில இருந்து 30 கிமீ கிழக்கே கடல்ல இருக்கும். கடலூர் துறைமுகத்துக்கு நேரா 36 கிமீ. கோடியக்கரைகிட்ட 18, 19 கிமீக்கு நெருங்கிடும். அப்புறம் பாக் நீரிணையைத் தாண்டி யாழ்ப்பாணம் நகரத்து மேலேயே போகுது, ஒண்ணு ரெண்டு கிமீ இப்படி அப்படி. அதுக்கப்புறம் வன்னி, புத்தளத்துக்குக் கொஞ்சம் கிழக்கே, கட்டுநாயக்க. கொழும்பு விமானம் ஏறி யாழ்ப்பாணம் போறவங்க தங்களோட வீட்டுக்கு மேலேயே பறந்து போய், அங்கிருந்து பஸ்ல முந்நூறு நானூறு கிமீ திரும்பி வர்றாங்க. பலாலி அதனாலதான் இவ்வளவு முக்கியம். நேர்க்கோட்டை ஒட்டிப் பறக்கிற நாள்ல வலப்பக்க சன்னல் கிடைச்சா, வானம் தெளிவா இருந்தா நம்ம கரை தெரியும், கெடிலமும் பெண்ணையும் கடல்ல சேர்ற இடம் வரைக்கும்.

#15 முதுநகர்
அப்போ நாகையில இருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்குப் போற கப்பல்? புதுவை – பலாலி நேர்க்கோடு எவ்வளவு?

#16 திசைமானி
244 கிமீ. நாகை வழியாப் போனா ரோட்டுல சிதம்பரம், சீர்காழி, காரைக்கால் தாண்டி ஏறக்குறைய 135, கடல்ல காங்கேசன்துறைக்கு 110. மொத்தம் 245. நேர்க்கோட்டோட கிட்டத்தட்ட ஒட்டிப் போற ஒரே வழி இதுதான். சென்னை வழியாப் போனா 145ம் 355ம் சேர்ந்து 500.

கடல் பயணம் நாலு மணி நேரம் பக்கம். வடகிழக்குப் பருவத்துல கப்பலை நிறுத்திடுவாங்க, பாக் நீரிணை ஆழம் குறைச்சல், அலை குட்டையா வேகமா எழும்பும். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் இதை நம்பிக் கல்யாணத்துக்கு நாள் குறிக்காதீங்க. காங்கேசன்துறையில இருந்து பலாலி ஏர்போர்ட் பக்கத்துலதான், ரெண்டும் ஒரே கரை.

#17 நெல்லித்தோப்பு
விமானம் ரத்தானா நஷ்ட ஈடு தூரத்தை வெச்சா கணக்குப் போடுவாங்க?

#18 வில்லியனூர் டிராவல்ஸ்
ஐரோப்பாவுல தூரம். நம்ம இந்திய விதியில டிக்கெட்ல போட்டிருக்கிற பயண நேரம். ஒரு மணி நேரம் வரைக்கும் 5,000 ரூபாய், ஒண்ணுல இருந்து ரெண்டு மணி நேரத்துக்கு 7,500, அதுக்கு மேல 10,000. இல்லேன்னா அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, ரெண்டுல எது குறைவோ அது. சென்னை – கொழும்பு நடுப்படியில வருது. முன்கூட்டியே தகவல் சொல்லிட்டாலோ, புயல் மாதிரி அவங்க கையில இல்லாத காரணம்னாலோ கிடையாது. முன்பதிவு பண்றப்ப உங்க சொந்த போன் நம்பரைக் கொடுங்க. தகவல் சொல்ல வழி இல்லாதபடி விட்டா அந்த ஈடும் போயிடும்.

#19 மஞ்சக்குப்பம்
ரொம்ப நன்றி. படிவத்துல 645 போடவா, 642 போடவா? ரெண்டும் சரிங்கிறப்ப ஆடிட்டர் எதைக் கேப்பார்?

#20 தேங்காய்த்திட்டு
எண்ணை விட அது எப்படி வந்ததுன்னு எழுதறதைத்தான் பார்ப்பார் சார். இப்படி எழுதுங்க: 'சென்னை விமான நிலையம் (எம்ஏஏ) – பண்டாரநாயக்க சர்வதேச விமான நிலையம், கட்டுநாயக்க (சிஎம்பி), நேர்வழித் தூரம் 645 கிமீ, ஒரு வழி'. பயணப் படிவத்துக்குக் கோளக் கணக்கு போதும், பெரும்பாலான தளங்களும் அதைத்தான் காட்டும், அவர் தேடினாலும் அதுதான் வரும். கடலூர் – மீனம்பாக்கம் ரோட்டுத் தூரத்தைத் தனி வரியில போடுங்க, சுங்கச்சாவடி ரசீதோட. ரெண்டையும் கூட்டி ஒரே எண்ணா எழுதினாத்தான் திருப்பி அனுப்புவாங்க.